கேமரன் மலைக் கொழுந்தும் மருந்துப் புட்டியும்: ஓர் இலையின் வரலாறு



கட்டுரைத் தாள் ஒன்றைத் திருத்தும்போது வந்த சந்தேகம்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் கேமரன் மலையைப் பற்றி எழுதியிருந்தான். மலையின் வரலாறு, தட்பவெப்பம், தோட்டங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. கடைசிப் பத்தியில் மட்டும், "தேயிலை ஒரு மூலிகை. அதிலுள்ள ஆண்டி ஆக்சிடன்ட் புற்றுநோய், நீரிழிவு, மூட்டுவீக்கம் ஆகியவற்றைக் குணப்படுத்தும் என்று நிரூபிக்கப்பட்டுள்ளது" என்று ஒரே போடாகப் போட்டிருந்தான். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டேன். மறுநாள் கேட்டேன், "எங்கப்பா படிச்சே இதை?" "டீச்சர், பச்சைத் தேயிலை மாத்திரைப் புட்டியில போட்டிருந்துச்சு. அக்கா இணையத்துல வாங்கினது" என்றான்.

சில வாரங்கள் கழித்து அவனுடைய தேர்ச்சி அட்டையை வாங்க அவன் பாட்டி வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மலையில் கொழுந்து பறித்தவர். பேச்சோடு பேச்சாக மாத்திரைப் புட்டியைப் பற்றிச் சொன்னேன். பாட்டி சிரித்துவிட்டார். "அது மருந்தா இருந்தா நான்லம்மா நூறு வயசு இருக்கணும்? எனக்கு ரத்தம் பத்தலேன்னு மாத்திரை குடுத்த டிரஸ்ஸர் ஐயா, மாத்திரை போட்டுட்டுத் தேத்தண்ணி பக்கமே போகக்கூடாதுன்னுல்ல சொன்னாரு!"

பேரன் ஒன்று சொல்கிறான், பாட்டி அதற்கு நேர்மாறாகச் சொல்கிறார். இரண்டும் ஒரே இலையில் உள்ள ஒரே பொருளைப் பற்றியவை. எப்படி இப்படி ஆயிற்று என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மலைக்கு முதலில் வந்தது மருந்து மரம்

தேயிலை மலை என்றால் தேயிலை மட்டும்தான் என்று நினைக்கிறோம். கேமரன் மலைக்கு முந்திய இரண்டு தமிழ்த் தொழிலாளர் மலைகளான நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் கதை வேறு மாதிரி. அங்கே ஆங்கிலேய அரசு ஆர்வத்தோடு நட்டவற்றுள் ஒன்று சிங்கோனா மரம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வளர்ந்த அந்த மரத்தின் பட்டைதான் மலேரியாவுக்கு மருந்து. 1820இல் பெல்லெத்தியே, காவாந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் அந்தப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு தாவரத்தின் சாரத்திலிருந்து ஒரு தனிப் பொருளைப் பிரித்து, அளந்து, மாத்திரையாகக் கொடுப்பதற்கு உலகம் கண்ட மிகப் பெரிய வெற்றிகளில் அது ஒன்று.

1860 வாக்கில் கிளமென்ட்ஸ் மார்க்கம் தலைமையிலான முயற்சியில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த கன்றுகளும் விதைகளும் ஊட்டியில் மெக்ஐவரின் பராமரிப்பில் வளர்ந்தன. இலங்கையில் ஹக்கல தோட்டம் 1861இல் சிங்கோனாவுக்காகவே தொடங்கப்பட்டது. 1867இல் லூல்கந்தூரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் சிங்கோனா வளர்த்தவர்தான். 1869இல் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் வந்தது. காப்பி அழிந்துகொண்டிருந்த காலத்தில் பல தோட்டக்காரர்கள் சிங்கோனாவுக்கு மாறினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் மாறியதால் விலை விழுந்தது. டச்சுக்காரர்கள் ஜாவாவில் குயினைன் அதிகமுள்ள வகையை வளர்த்துச் சந்தையையே பிடித்துக்கொண்டார்கள். அதன்பிறகு இலங்கை மலைகளில் நின்றது தேயிலைதான்.

இதை ஏன் சொல்கிறேன்? கேமரன் மலைத் தேயிலையின் வேர் இலங்கையில் இருக்கிறது. 1885இல் பகாங், பேராக் எல்லைப் பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரன் இந்த மேட்டு நிலத்தைப் பார்த்து எழுதிவைத்தார். பிறகு நாற்பது ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் வேலைகள் சூடு பிடித்தன. தாப்பாவிலிருந்து சாலை போடப்பட்டது. (மலை இருப்பது பகாங்கில், ஏறும் வழி பேராக்கில். தேர்வில் மாநிலத்தை மாற்றி எழுதி மதிப்பெண் இழக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.) 1929இல் ஜே.ஏ.ரசல் என்ற வணிகர், இலங்கையில் தேயிலை வளர்த்த அனுபவம் கொண்ட ஏ.பி.மில்னுடன் சேர்ந்து 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. 1935இல் ஹபுவில் 'போ' தோட்டத்தின் ஆலை எழுந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்து, தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட அதே ஆண்டுகளில்தான் இந்த மலையில் காடு வெட்டிச் செடி நட ஆள் தேவைப்பட்டது.

நீலகிரியிலும் இலங்கையிலும் மருந்து மரத்துக்குப் பின்னால் வந்த பானம், இங்கே பானமாகவே வந்து இறங்கியது. அதற்கு மருந்து என்ற பெயர் திரும்ப ஒட்டியது வேறொரு வழியில்.

1929: தோக்கியோவில் ஒரு பெண்

ரசல் தோட்டம் தொடங்கிய அதே 1929இல், தோக்கியோவின் ரிக்கென் ஆய்வுக்கூடத்தில் மிச்சியோ ட்சுஜிமுரா என்ற பெண் பச்சைத் தேயிலையிலிருந்து கேட்டக்கின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். இவருடைய வாழ்க்கையை வகுப்பில் சொன்னால் மாணவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1888இல் பிறந்தவர். ஆராய்ச்சி செய்ய ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அங்கே பெண்களை மாணவராகச் சேர்ப்பதில்லை. சம்பளமில்லாத உதவியாளராக வேலை பார்த்தார். 1924இல் சக ஆய்வாளர் மியுராவுடன் சேர்ந்து பச்சைத் தேயிலையில் வைட்டமின் சி இருப்பதைக் காட்டினார். 1929இல் கேட்டக்கின், 1930இல் டேனின், 1934இல் கேலோகேட்டக்கின் என்று அடுத்தடுத்துப் பிரித்தார். 1932இல் ஜப்பானில் வேளாண்மைத் துறையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார்.

இந்தக் கேட்டக்கின்கள் பாலிஃபீனால் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. இளங்கொழுந்தை உலர்த்தி எடை போட்டால் அதில் கால் பங்குக்குக் குறையாமல் பாலிஃபீனால்கள் இருக்கக்கூடும். நாக்கைச் சுருக்கும் துவர்ப்பு இவற்றால்தான். செடி நமக்காக இதைச் செய்வதில்லை. பூச்சியிலிருந்தும் கடும் வெயிலிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்துகொள்கிறது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அன்று ட்சுஜிமுரா தேடியது நோய்க்கு மருந்து அல்ல. தேநீர் ஏன் துவர்க்கிறது, அதில் என்னதான் இருக்கிறது என்பதே அவருடைய கேள்வி. ஆண்டி ஆக்சிடன்ட் என்ற சொல் உடல்நலத்தோடு சேர்ந்து ஊரெல்லாம் பரவ இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

விரலில் ஏறிய கறுப்பு

கொழுந்து பறிப்பவர்களின் விரல் நுனியைப் பார்த்திருக்கிறீர்களா? கறுத்துப் போயிருக்கும். சோப்புப் போட்டாலும் சட்டென்று போகாது. "தேயிலைக் கறை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கறை ஒரு வேதியியல் பாடம். இலை கசங்கும்போது அதன் சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கின்றன. பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி இதை விரைவுபடுத்துகிறது. வெட்டி வைத்த வாழைக்காய் கறுப்பதும் இப்படித்தான்.

ஆலையில் நடப்பதும் இதேதான், அளவோடும் நேரக் கணக்கோடும். பறித்த கொழுந்தை முதலில் வாட்டுவார்கள். பிறகு உருட்டி இலையின் செல்களை உடைப்பார்கள். உடைந்த இலையைப் பரப்பி வைத்தால் பச்சை மாறிச் செம்பழுப்பாகும், வாசனை எழும்பும். சரியான பதம் வந்ததும் சூடான காற்றில் உலர்த்தி நிறுத்திவிட வேண்டும். கொஞ்சம் முந்தினால் பச்சை வாடை, கொஞ்சம் பிந்தினால் சுவை மந்தம். கருவிகள் வருவதற்கு முன்னால் இந்தப் பதத்தைப் பார்த்தவை தொழிலாளிகளின் கண்ணும் மூக்கும்தான்.

தேர்வு மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தப் பரப்பி வைக்கும் கட்டத்தை ஆலைகளில் 'ஃபெர்மெண்டேஷன்' என்று சொல்லும் பழக்கம் உண்டு. அதை 'நொதித்தல்' என்று மொழிபெயர்த்து, "நுண்ணுயிரிகள் தேயிலையைப் புளிக்க வைக்கின்றன" என்று எழுதிவிடாதீர்கள். நுண்ணுயிரிக்கு இங்கே முக்கிய வேலை இல்லை. நடப்பது இலையின் சொந்த நொதியால் ஆகும் ஆக்சிஜனேற்றம்.

இதில் பேரனின் கட்டுரைக்கு நேராகத் தொடர்புள்ள செய்தி ஒன்று இருக்கிறது. கேமரன் மலையிலிருந்து வருவதில் பெரும்பகுதி கறுப்புத் தேயிலை. அதைச் செய்யும்போது கொழுந்திலிருந்த கேட்டக்கின்களில் பெரும்பங்கு மாறிவிடுகிறது. பளிச்சென்ற செம்மஞ்சள் நிறம் தரும் தியாஃபிளேவின், அடர்ந்த செம்பழுப்பு தரும் தியாரூபிஜின் என்ற புதுப் பொருள்கள் உருவாகின்றன. 1950களில் ஈ.ஏ.எச்.ராபர்ட்ஸ் என்ற வேதியியலாளர் இவற்றைப் பிரித்துக் காட்டினார். அப்படியானால் கறுப்புத் தேநீரில் பலன் போய்விட்டதா? 2001இல் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், ரத்தக் கொழுப்புத் துகள்கள் ஆக்சிஜனேற்றம் அடைவதைத் தடுப்பதில் தியாஃபிளேவின்கள் கேட்டக்கின்களுக்குச் சளைத்தவை அல்ல என்று தெரிந்தது. ஆனால் அந்தச் சோதனை நடந்தது மனித உடலுக்குள் அல்ல, ஆய்வுக்கூடக் குழாயில். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வரும்.

லயத்து வைத்தியம்

தொழிலாளிகளுக்கு நோய் வந்தால் என்ன செய்தார்கள்? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தொழிலாளர்களின் மருத்துவ வசதியைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியிருந்தது. டிரஸ்ஸரும் மருந்துக் கொட்டகையும் தோட்ட வாழ்க்கையின் பகுதியானது அப்படித்தான். அதற்கு வெளியே, லயத்தில், பெண்களின் கையில் இன்னொரு வைத்தியம் இருந்தது.

ஊரிலிருந்து வந்தவர்களுக்குத் தெரிந்த செடிகள் பல இங்கேயும் இருந்தன, பெயர்தான் வேறு. வல்லாரையை மலாய்க்காரர்கள் பெகாகா என்கிறார்கள். கீழாநெல்லி இங்கே டுக்கோங் அனாக். நிலவேம்பு ஹெம்பெடு பூமி. மஞ்சள் குஞ்ஞிட். எல்லாச் செடியும் மலைக்கு ஒத்துவராது. முருங்கை அந்தக் குளிரில் நன்றாக வளர்வதில்லை. வல்லாரைக்கோ ஈரமான வாய்க்கால் ஓரம் போதும். பாட்டி சொன்ன பட்டியலில் மூன்றுதான் அடிக்கடி வந்தன. குளிரில் முட்டி வீங்கினால் மஞ்சள் பத்து, சளிக்கு இஞ்சித் தேத்தண்ணி, புண் ஆற வல்லாரை. "டிரஸ்ஸர் கிட்ட போனா அரை நாள் கூலி போயிடும், அதனால மொதல்ல மஞ்சள்தான்" என்றார். மரபு வைத்தியத்தைப் பற்றி நாம் பெருமையாக எழுதும்போது இந்தக் கூலிக் கணக்கை விட்டுவிடுகிறோம்.

அழற்சி என்ற சொல்லுக்கு இங்கேயே விளக்கம் சொல்லிவிடுகிறேன். உடலில் ஓரிடத்தில் அடிபட்டாலோ கிருமி புகுந்தாலோ அங்கே ரத்தம் கூடிச் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கும். அது நோயல்ல, உடலின் தற்காப்பு. அது அடங்காமல் நீடித்தால்தான் தொல்லை. 1973இல் லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ரீமால், தவான் இருவரும் மஞ்சளிலுள்ள குர்குமின் எலிகளின் பாத வீக்கத்தைக் குறைப்பதைக் காட்டினார்கள். மஞ்சள் பத்துப் போட்ட பாட்டிமாருக்குக் கிடைத்த முதல் ஆய்வுக்கூடச் சாட்சிகளில் ஒன்று என்று அதைச் சொல்லலாம். வல்லாரையிலிருந்து ஆசியாட்டிகோசைட் என்ற பொருள் 1941இல் பிரித்தெடுக்கப்பட்டது. புண் ஆற்றும் களிம்புகளில் அதற்கு இடம் கிடைத்தது.

இந்த அறிவை எழுதி வைத்தவர்கள் யார்? 1930இல் பர்க்கிலும் முகமது ஹனிஃபும் சேர்ந்து மலாய்க் கிராம மருத்துவம் பற்றி விரிவான தொகுப்பு வெளியிட்டார்கள். 1935இல், ஹபு ஆலை எழுந்த அதே ஆண்டில், தீபகற்ப மலாயாவின் பயன்தரு பொருள்களைப் பற்றிய பர்க்கிலின் பேரகராதி இரண்டு தொகுதிகளாக வந்தது. இன்றைய ஆய்வாளர்களும் புரட்டும் நூல் அது. ஆனால் அந்தத் தொகுப்பின் மையம் கிராமம். தோட்டத்து லயம் அல்ல. அரசின் கண்ணில் லயத்தில் இருந்தவர்கள் கூலிகள். கூலியிடம் வேலைக்கணக்குக் கேட்பார்கள், வைத்தியக் குறிப்பா கேட்பார்கள்?

எழுத்தில் இல்லாததால் என்ன நட்டம் என்று கேட்கலாம். 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சள் தூளால் புண் ஆற்றுவதற்குக் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள். இந்திய அறிவியல், தொழில்துறை ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வாதாடி 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. வென்றது எப்படி? "எங்கள் பாட்டி அப்படித்தான் செய்வார்" என்று சொல்லி அல்ல. பழைய நூல்களிலும் இதழ்களிலும் அச்சில் இருந்த சான்றுகளை எடுத்து வைத்து. சமஸ்கிருத நூலுக்கும் பத்திரிகைக்கும் இருந்த அந்தப் பாதுகாப்பு, லயத்துப் பெண்களின் வாய்ச்சொல்லுக்கு இல்லை.

சோதனைக் குழாயிலிருந்து புட்டிக்கு

இப்போது பேரனின் புட்டிக்கு வருவோம். 1956இல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர் ஒரு கருத்தை முன்வைத்தார். உடலில் உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல் என்ற நிலையற்ற மூலக்கூறுகள் செல்களைச் சிதைப்பதால்தான் நாம் மூப்படைகிறோம் என்றார். அப்படியானால் அவற்றை அடக்கும் ஆண்டி ஆக்சிடன்டுகளைச் சாப்பிட்டால் நோயும் மூப்பும் தள்ளிப்போக வேண்டும் அல்லவா? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. 1990களில் உணவுப் பொருள்களின் ஆண்டி ஆக்சிடன்ட் திறனைக் குழாயில் அளந்து எண்ணாகச் சொல்லும் 'ஓராக்' போன்ற முறைகள் வந்தன. எண் வந்ததும் விளம்பரமும் வந்தது. எங்கள் பழத்தில் இவ்வளவு, எங்கள் இலையில் அவ்வளவு!

மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தபோது கதை மாறியது. ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பாளர்களுக்குப் பல ஆண்டுகள் பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, வெறும் மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வெளிவந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 விழுக்காடு கூடியிருந்தது. புகழ்பெற்ற ஆண்டி ஆக்சிடன்ட் அது. 2012இல் அமெரிக்க விவசாயத் துறை தன் 'ஓராக்' பட்டியலையே இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. குழாயில் கிடைத்த எண்ணுக்கும் உடலில் நடப்பதற்கும் தொடர்பு நிறுவப்படவில்லை, நிறுவனங்கள் அந்த எண்களைத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்பது அது சொன்ன காரணம்.

ஏன் இப்படி? குடிக்கிற தேநீரிலுள்ள கேட்டக்கினில் சிறு பங்குதான் குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்கிறது. அதையும் கல்லீரல் உருமாற்றிவிடுகிறது. குழாய்ச் சோதனைகள் பலவற்றில் பயன்படுத்தும் அளவு, ரத்தத்தில் ஒருபோதும் எட்டாத அளவு. குர்குமினுக்கும் இதே சிக்கல். 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் குர்குமின் ரத்தத்தில் சேர்வது பல மடங்கு கூடுவதாகக் காட்டினார்கள். உடனே "ரசம் போதும், மருந்து வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் பரப்பியவர்கள் நம்மிலும் உண்டு. அவர்கள் கொடுத்தது 2 கிராம் தனிக் குர்குமின். ரசத்தில் போடும் ஒரு சிட்டிகை மஞ்சளில் அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது.

தே தாரிக் பிரியர்களுக்கு ஒரு வருத்தச் செய்தி. 2007இல் பெர்லினில் 16 பெண்களிடம் நடந்த ஆய்வில், கறுப்புத் தேநீர் ரத்தக் குழாய்கள் விரிவதற்கு உதவியது. பால் சேர்த்தபோது அந்தப் பலன் மறைந்தது. 16 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. நானும் தே தாரிக்கை விடவில்லை.

இலையை வெந்நீரில் போட்டுக் குடிப்பதற்கும் அதன் சாரத்தைக் கெட்டியாக்கி மாத்திரையாக விழுங்குவதற்கும் உள்ள வேறுபாடு இன்னும் பெரியது. 2018இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பச்சைத் தேயிலையை ஆராய்ந்தது. வழக்கமாகக் குடிக்கும் தேநீர் பொதுவாகப் பாதுகாப்பானது என்றது. ஆனால் மாத்திரைகள் மூலம் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இ.ஜி.சி.ஜி. என்ற கேட்டக்கின் உடலில் சேர்ந்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தோன்றக்கூடும் என்று எச்சரித்தது. பேரனின் அக்காவுக்கு இதைத்தான் முதலில் சொல்லி அனுப்பினேன். நம் நாட்டிலும் மரபு மருந்துப் பொருள்களுக்குப் பதிவு எண் உண்டு. எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்று முடியும். 1956ஆம் ஆண்டின் மருந்துகள் விளம்பரம், விற்பனைச் சட்டம், புற்றுநோய், நீரிழிவு போன்ற நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அந்தப் புட்டியில் பதிவு எண் இல்லை.

பாட்டியின் இரும்பு

கடைசியாக டிரஸ்ஸர் ஐயா சொன்னது. அதில் துளியும் மூடநம்பிக்கை இல்லை. 1975இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் தேநீரும் இரும்புச் சத்தும் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சோற்றிலும் ரொட்டியிலும் உள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதைத் தேநீர் கணிசமாகக் குறைக்கிறது என்று அது காட்டியது. காரணம் அதே பாலிஃபீனால்கள்தான். குடலில் இரும்பைப் பிடித்துக் கட்டிவைத்து உடலில் சேரவிடாமல் செய்துவிடுகின்றன. பிந்திய ஆய்வுகளில் சாப்பாட்டோடு குடித்த ஒரு கோப்பைத் தேநீர் இரும்பு உறிஞ்சுதலைப் பாதிக்கு மேல் குறைத்தது. இறைச்சியிலுள்ள இரும்புக்கு இந்தத் தொல்லை குறைவு. கீரை, பருப்பு, சோறு என்று சாப்பிடுபவர்களுக்குத்தான் அதிகம்.

தோட்டத்துச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். விடியலில் பெரட்டுக்குப் போகுமுன் ரொட்டியும் தேத்தண்ணியும். மலையில் மதியம் தூக்குச்சட்டிச் சோறும் போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணியும். குளிருக்குச் சூடாக ஏதாவது வேண்டும், மலிவாகக் கிடைப்பது அதுதான். இறைச்சி எப்போதாவது. அதோடு பிள்ளைப்பேறு, கொக்கிப்புழு. ரத்தசோகைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தேநீர் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வறுமைதான் முதல் காரணம். ஆனால் இன்று புட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்கிற அதே பொருள், அதைப் பறித்தவரின் ரத்தத்திலிருந்து இரும்பைத் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

வழியும் சிக்கலானது அல்ல. 2017இல் இங்கிலாந்தில் பெண்களிடம் நடந்த ஆய்வில், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடித்தபோது பாதிப்பு நன்றாகக் குறைந்தது. சாப்பாட்டோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்தால் வைட்டமின் சி இரும்பு சேர உதவும். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சோற்றோடு ஐஸ் தே வாங்கும் பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம். உயிரியல் பாடத்தில் இரும்புச் சத்து வரும் இடத்தில் அப்படியே பொருந்தும்.

வரலாற்று ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் வேறு. கேமரன் மலையில் இன்று கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். பறிப்பது பெரும்பாலும் கத்தரியாலும் இயந்திரத்தாலும். விரல் கறுத்த தலைமுறை மலையை விட்டு இறங்கி நகரத்து அடுக்குமாடிகளில் இருக்கிறது. உங்கள் மாணவர்களின் பாட்டிமார்தான் அவர்கள். வாய்மொழி வரலாற்றுப் பணி கொடுக்கும்போது "அந்தக் காலத்து வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்கச் சொல்லாதீர்கள். "கஷ்டம்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். முட்டி வீங்கினால் என்ன போட்டீர்கள், எந்தச் செடி, எங்கே வளர்ந்தது, யார் சொல்லிக் கொடுத்தார், டிரஸ்ஸர் என்ன சொன்னார், எப்போது அது கேட்கவில்லை என்று கேட்கச் சொல்லுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். பலித்ததை மட்டும் சேர்த்தால் அது விளம்பரம் ஆகிவிடும். தேதி, தோட்டத்தின் பெயர், செடியின் தமிழ், மலாய்ப் பெயர்கள், முடிந்தால் படம், இவை நான்கும் இருந்தால் நாளை யாராவது ஆய்வாளர் கையில் எடுத்துப் பயன்படுத்த முடியும்.

கட்டுரைத் தாளை மாணவனிடம் திருப்பிக் கொடுத்து, அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் மறுபடி எழுதி வரச் சொன்னேன். எழுதி வந்தான். "தேயிலையிலுள்ள பாலிஃபீனால்கள் ஆய்வுக்கூடச் சோதனைகளில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கின்றன, சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச் சத்து உடலில் சேர்வதையும் தடுக்கின்றன. என் பாட்டி தேயிலைத் தோட்டத்தில் 32 ஆண்டுகள் வேலை செய்தார், அவருக்கு ரத்தசோகை இருந்தது" என்று இருந்தது. முழு மதிப்பெண் போட்டேன். பாட்டி இப்போது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் தேத்தண்ணி குடிக்கிறாராம். "அது வரைக்கும் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்க டீச்சர்" என்றான்.